பச்சைப் புள்ளி எந்த அளவை?

கணினியில் ஓடும் அரட்டைச் செயலியைக் காணொளிச் சேவையகத்தோடு இணைப்பதில் இரண்டு தனி வேலைகள் உண்டு. 'இவர் இருக்கிறார்' என்று அறிவிப்பது ஒன்று. அவர் முகத்தையும் குரலையும் கொண்டுவந்து சேர்ப்பது மற்றொன்று. 1999-ல் ஜெரமி மில்லர் வெளியிட்ட ஜாபர் என்ற அரட்டை மென்பொருளிலிருந்து வளர்ந்த எக்ஸ்எம்பிபி நெறிமுறை முதல் வேலையைப் பார்க்கிறது. பிட்ஜின், ஸ்பார்க் போன்ற செயலிகள் வழக்கமாக 5222-ஆம் போர்ட் வழியே சேவையகத்தோடு பேசி, பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வைக்கின்றன. ஜிட்சி என்ற காணொளிச் சேவையகத்தில் படமும் ஒலியும் பெரும்பாலும் யூடிபி 10000 வழியே தனியாகப் போகும். ஃபயர்வாலில் அந்த வழி அடைபட்டிருந்தால் மணி அடிக்கும், எதிர்முனையில் எடுப்பார்கள், பெயரும் தெரியும். முகமும் குரலும் மட்டும் வரா.

ஒருவர் இருக்கிறார் என்பதை எதைக்கொண்டு அறிவது? அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகள், அதாவது அறியும் வழிகள், பலவற்றையும் காண்டல், கருதல் (ஊகித்தல்), உரை (பிறர் சொல்) என்ற மூன்றில் அடக்குகிறது. அந்தக் கணக்கில் பச்சைப் புள்ளி காண்டல் அல்ல, சேவையகத்தின் உரை. இடுக்கியின் தேயிலைத் தோட்டத்தில் மழைக்கு மின்சாரம் போய் இணைப்பு சொல்லாமல் அறுந்தால், சேவையகம் கொஞ்ச நேரம் 'இருக்கிறார்' என்றே சாதிக்கும். இதற்காகத்தான் குறித்த இடைவெளியில் கேட்டுப் பார்க்கும் பிங் அமைப்பைச் சேர்க்கிறார்கள். பதில் வராததால் ஆள் போய்விட்டார் என்று கொள்வது கருதல்.

முகம் வந்துவிட்டால் காண்டல் ஆகிவிடுமா? புலனும் பொருளும் பொருந்தப் பிறப்பதே காட்சி என்பது நியாய நூலார் கொள்கை. கண் பொருந்துவது திரையின் ஒளியோடு, ஆளோடு அல்ல என்று வாதாடலாம். நீதிமன்றம் அந்த அளவு கறாராக இல்லை. 2003-ல் பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், காணொளியில் சாட்சியைப் பார்க்கலாம், கேட்கலாம், தொட மட்டும் முடியாது, ஆனாலும் அதுவும் முன்னிலையே என்று ஏற்றது.

தொடுவது தேவைப்படும் இடத்தில்தான் சமயம் தயங்குகிறது. 2002 பிப்ரவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம் இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று முடிவாகச் சொன்னது. இறந்தோருக்குத் திதி கொடுக்கும் சிராத்தத்தில் நிலைமை வேறு. 2020 பொதுமுடக்கத்தில் தமிழ்நாடு-கேரள எல்லையில் வாளையாறும் குமுளியும் அடைபட்டபோது எல்லைக்கு இருபுறமும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் சாவுக்கும் திதிக்கும் போய்வருவதே பெரும்பாடாயிற்று. மந்திரம் சொல்லும் வாத்தியார் ஓர் ஊரிலும் சடங்கைச் செய்யும் கர்த்தா வேறோர் ஊரிலுமாகக் காணொளியில் திதி கொடுப்பது அந்தக் காலத்தில் பரவியது. பாலக்காட்டின் கல்பாத்திக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் வெளிநாடுகளில் இருப்பதால் அவ்வூருக்கு இது அந்நியமான ஏற்பாடும் அல்ல. எள்ளும் தண்ணீரும் விடும் கை கர்த்தாவுடையது. அது அவர் வீட்டிலேயே இருக்கிறது. தொலைவிலிருந்து வர வேண்டியது மந்திரத்தின் ஒலிதான். ஆகவே இங்கே சேவையகத்தை அமைப்பவர் படத்தின் தரத்தைக் குறைத்தாவது ஒலியைக் காக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பேசினால் எதிரொலி நீக்கும் மென்பொருள் ஒரு குரலை விழுங்கிவிடக்கூடும். வாத்தியார் ஒரு துண்டு சொல்லி நிறுத்தி, கர்த்தா திருப்பிச் சொன்னது காதில் விழுந்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டியிருக்கிறது. திதியில் இந்த நிதானம் நல்லதுதான்.

ஆக, முன்னிலை என்பது ஒரே பொருள் அல்ல. செயலுக்குச் செயல் அதன் தேவை மாறுகிறது. கேரள உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் சிறப்புத் திருமணச் சட்டப்படியான திருமணத்தைக் காணொளியில் நடத்த அனுமதித்தபோது இந்தப் பிரிவினையைத்தான் செய்தது. மணமக்கள் திரையில் வரலாம். சாட்சிகள் மட்டும் திருமண அதிகாரி முன் நேரில் நின்று, திரையில் தெரிபவர் இன்னார்தான் என்று அடையாளம் காட்ட வேண்டும்.