காட்சியும் ஆற்றுதலும்: மாஹிமை முன்வைத்து ஒரு சிந்தனை

புண்பட்ட ஒரு சமூகத்தின் மரபுப் பொருள்களைக் கூடமொன்றில் அழகுற வைத்தால் அப்புண் ஆறுமா? ஆப்பிரிக்க மரபைப் போற்றும் சமூக அருங்காட்சியகங்கள் ஆறும் என்ற நம்பிக்கையிலேயே எழுந்துள்ளன. அவற்றுள் ஒன்று, வாஷிங்டனில் 1967இல் தோன்றிய அனகோஸ்டியா அருங்காட்சியகம். அது 1969இல் எலிகளைப் பற்றி ஒரு காட்சியை அமைத்தது. அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களை அன்றாடம் வருத்தியது எலித்தொல்லையே. முன்னோர் பெருமையோடு நில்லாது நிகழ்காலத் துன்பத்தையும் கூடத்திற்குள் கொணர்ந்த அத்துணிவு நோக்கத்தக்கது.

மும்பை மாஹிமில் இவ்வினா மேலும் சிக்கலாகிறது. தாராவித் தமிழருக்கு நன்கு பழக்கமான இப்பகுதியின் ஆப்பிரிக்கத் தொடர்பை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரராகவும் வணிகராகவும் கடல்வழி வந்தோரின் வழியினர் சித்தியர் எனப்படுவர். அவர்களுள் சஞ்சீராத் தீவுக்கோட்டையை ஆண்ட யாகூத் கான், முகலாயர் சார்பில் 1689இல் பம்பாய்த் தீவில் படையுடன் இறங்கி மாஹிம் உள்ளிட்ட பகுதிகளைக் கைப்பற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனி ஔரங்கசீப்பிடம் பணிந்து தண்டம் செலுத்திய பின்னரே, 1690இல், அவர் விலகினார்.

மாஹிமில் ஆப்பிரிக்க மரபுக்கென ஒரு கூடம் அமைந்தால் அதன் சுவரில் எதை எழுதுவது? வெற்றியை மட்டும் எழுதினால் அப்படையெடுப்பில் சூறையாடப்பட்ட குடிகள் மறைந்துபோவர். அடிமைத்தளையை மட்டும் எழுதினால் சித்தியர் பிறர் இரக்கத்திற்குரியோராகச் சுருங்கிவிடுவர். இரண்டையும் எழுதுவதே அறம் என்பது என் கருத்து. பார்ப்போருக்கு அது மனநெருடலைத் தரும், தரட்டும்.

ஆயினும் எழுதுவதால் மட்டும் புண் ஆறிவிடாது. குஜராத்தின் ரத்தன்பூரில் உள்ள பாவா கோர் தர்காவில் சித்தியருக்கு ஆற்றுதல் என்பது ஒரு தொழிலாகவே வழங்கி வருகிறது. அகேட் மணிக்கல் வணிகத்தோடு தொடர்புடைய ஆப்பிரிக்கப் பெரியவராக பாவா கோர் நினைக்கப்படுகிறார். மனநோயுற்றோர் சமய வேறுபாடின்றி அங்குச் செல்கின்றனர். தமால் ஆட்டமும் முழவொலியும் அங்கு வழிபாடாகவும் விளங்குகின்றன. ஒரு காலத்தில் அடிமைப்பட்டோரின் வழியினர் இன்று பிறர் நோயைத் தீர்ப்போராக மதிக்கப்படுகின்றனர். அம்முழவைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் அது ஒரு மரத்துண்டும் தோலுமே.

நடுகல் மரபு இங்கு நினைவிற்கு வருகிறது. தொல்காப்பியம் கூறும் நிலைகளுள் காட்சி முதலாவது. கல்லைத் தேர்ந்து காண்பது அது. அதன்பின் நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்த வேண்டும். நம் அருங்காட்சியகங்களில் நிற்கும் நடுகற்கள் காட்சிக்கே திரும்பிவிட்டன. (படையல் பெறும் நடுகற்கள் சில ஊர்களில் இன்றும் உள்ளன.)

ஆகவே மாஹிம் கூடத்தின் பேழைக்குப் பூட்டு வேண்டுமெனில் திறவுகோல் சித்தியரிடம் இருத்தல் வேண்டும். விழாநாளில் அவர்கள் முழவை எடுத்துச் சென்று முழக்கித் திரும்ப வைக்கலாம். முழக்கினால் தோல் தேயும் என்று காப்பாளர் தடுக்கக்கூடும். உண்மைதான், தேயும். புதுத்தோல் போர்த்தும் கைகள் அச்சமூகத்திலேயே உள்ளன.