கடைசிக் குதிரைக்கு ஒரு வாழ்த்து

மங்கோலியப் புல்வெளியில் கோடைக் கதிரவன் மறைவதற்கு இரவு ஒன்பது மணியளவு ஆகிவிடும். ஜூலை 11 முதல் 13 வரை தலைநகரிலும், அதனையொட்டிய நாள்களில் நாட்டுப்புறங்களிலும் நடைபெறும் 'நாதாம்' திருவிழாவின் மாலைகள் அதனாலேயே நீண்டவை. மற்போர், வில்வித்தை, குதிரைப் பந்தயம் ஆகிய மூன்றும் அவ்விழாவின் உயிர். 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மானிடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

அங்கே பந்தயத்திற்கென்று வட்டத் தடம் கிடையாது. குதிரையின் வயதிற்கேற்ப 10 கி.மீ. முதல் 25 கி.மீ. வரை, திறந்த வெளியில் ஓட வேண்டும். முந்தி வரும் ஐந்து குதிரைகளைப் புகழ்ந்து பாடி, குதிரைப் பாலைப் புளிக்கவைத்த 'ஐராக்' என்னும் பானத்தால் சிறப்பிக்கின்றனர். இதில் வியப்பில்லை, வென்றவரைப் போற்றாத நாடு எது? வியப்புக்குரியது வேறொன்று. இரண்டு வயதுக் குட்டிகளின் பந்தயத்தில் கடைசியாய் வந்த குட்டியையும் அழைத்து வாழ்த்துப் பாடுகின்றனர். 'நிறைந்த வயிறு' என்று பொருள்படும் 'பயான் ஹோதோத்' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். பிந்தியது குட்டியின் குற்றமன்று, வரும் ஆண்டில் அது முந்தும் என்று தேற்றுவதே அந்த வாழ்த்தின் கருத்து.

மாலையில் வந்த வேலையாளுக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சைத் தோட்ட உரிமையாளரை நாம் அறிவோம். 1992-இல் மறைபரப்புப் பணியாளர் சென்று தொடங்கிய மங்கோலியத் திருச்சபையில் இன்றும் ஏறத்தாழ 1,500 பேரே உள்ளனர். ஆனால் கடைசிக் குட்டிக்குரிய பாட்டு, அந்நாட்டு மேய்ப்பர்களின் பழைய சொத்து. பிற மக்களின் மரபுகளில் இறைவார்த்தையின் விதைகள் மறைந்துள்ளன என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

எனினும் குதிரையின் மேல் அமர்ந்திருப்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். அவர்கள் சிறுவர், சிறுமியர். எடை குறைந்திருந்தால் குதிரை விரைந்தோடும் என்பதே காரணம். நடை பழகும் பருவத்திலேயே சேணம் ஏறும் அவர்களுக்குக் குதிரை, உடன்பிறப்பைப் போன்றது; புறப்படுமுன் அவர்கள் பாடும் 'கிங்கோ' பாட்டில் உண்மையான களிப்பு உண்டு. இதனை அயலார் எளிதில் பழித்துவிடலாகாது. ஆயினும் விழுந்து காயமுற்ற பிள்ளைகளும் உண்டு. உயிரிழந்த பிள்ளைகளும் உண்டு. ஆகவேதான் 7 வயதுக்கு உட்பட்டோரை ஏற்றலாகாது என்று சட்டம் வந்தது. தலைக்கவசமும் காப்பீடும் வற்புறுத்தப்பட்டன.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில் வாழ்வைப் பந்தயத்திற்கு ஒப்பிட்டார். ஆனால் அவர் ஒடுக்கியது தம் உடலையே. ஓடியதும் தம் கால்களாலேயே. பிறனுடைய எலும்பைப் பணயம் வைத்துப் பெறும் வெற்றிவாகை அந்த ஒப்புமைக்குள் அடங்காது. அதிலும் அந்தப் பிறன், மறுத்துச் சொல்லும் வயதை எட்டாதவனாயிருந்தால்? பிள்ளை மகிழ்ந்தே ஏறினான் என்பது விடையாகாது. ஆபத்தை அளந்தறியும் கடமை மகிழ்கின்ற பிள்ளைக்கு உரியதன்று. ஏற்றிவிடுகின்ற பெரியவருக்கு உரியது.

கடைசியாய் வந்ததை வாழ்த்துவது இரக்கம். அது பந்தயம் முடிந்த பின் வருவது. யாரை ஏற்றலாம், எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று எண்ணிப் பார்ப்பது நீதி. அது பந்தயம் தொடங்குமுன் வர வேண்டியது. முன்னதை நிறைவாய்ச் செய்துவிட்டதால் பின்னதற்கு விலக்குக் கிடைத்துவிடாது. தேர்வில் பின்தங்கிய மகனைத் தட்டிக்கொடுத்துத் தேற்றுகின்ற நல்ல தந்தையர் நம்மிடையேயும் பலர். அந்த ஓட்டத்தை அவனுக்காகத் தேர்ந்தது யாருடைய ஆசை என்று தங்களைக் கேட்டுக்கொள்வோர் எத்தனை பேர்?

சீடர்கள் தங்களுள் பெரியவர் யார் என்று வழக்காடியபோது, ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்தினார். பெரியவர்களின் பெருமையை முன்னே சுமந்து செல்வதற்காக அவர் அப்பிள்ளையை அழைக்கவில்லை.