இரக்கத்துக்கு என்ன செலவு?

டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலை ஆம்பூரில் இருந்துகொண்டு படிப்பது வேறு மாதிரிதான் இருக்கு. 2012-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். கதை நடப்பது திண்டுக்கல் தோல் ஷாப்புகளில். சுண்ணாம்புக் குழியில் வெந்தவர்கள் சங்கம் கட்டிய காலம். படிக்கிற யாரும் முதலாளி பக்கம் நிற்க மாட்டோம். என் சந்தேகமே அங்கேதான். என்றோ முடிந்த சண்டையில் நியாயத்தின் பக்கம் நிற்க நமக்கு என்ன செலவு?

கூடவே, பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் படிச்சுப் பாருங்க. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கு. மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும் என்கிறது. சரிதான். ஆனா அந்த ஷாப் கூலியில்தானே இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தார்கள்? நான் புத்தகம் வாங்கிய காசும் அந்த வழியாக வந்ததுதான். இங்கே வில்லனைத் திட்டிவிட்டுப் பக்கத்தை மூட முடியலை.

‘இந்த வருஷம் ஐம்பது புத்தகம்’ என்று கணக்கு வைக்கிறோம். வைக்கலாம், தப்பில்லை. ஆனா சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பக்கத்து வீட்டு அக்காவிடம், “கை வலி எப்படிக்கா இருக்கு, கூலி ஏத்துனாங்களா?” என்று கேட்க வைக்காத வாசிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?