மௌனத்திற்கும் களா உண்டு



ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், 1976-இல் பக்கத்து வீட்டுக்காரரை மிஸாவில் பிடித்துப் போனார்கள். நல்ல மனிதர். நான் பயந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அல்லாஹ் என்னைக் கேட்பானா?" என்றார்.

1975 ஜூன் 25-இல் நெருக்கடிநிலை பிரகடனமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையிலிடப்பட்டனர். 1977 மார்ச்சில் மக்கள் வாக்களித்து ஆட்சியை மாற்றினார்கள். மார்ச் 21-இல் நெருக்கடிநிலை நீங்கியது. அத்துடன் கணக்குத் தீர்ந்ததா? வாய் மூடியிருந்தவர்க்குப் பொறுப்பில்லையா?

தீமையைக் கையால் தடுக்க வேண்டும், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே அஞ்சியவருக்குச் சலுகை உண்டு. ஆனால் நோயில் நோன்பை விட்டவர் குணமானதும் களாச் செய்ய வேண்டுமல்லவா? மௌனமும் அப்படியே.

காலத்தில் நிறைவேற்றியவர்களும் உண்டு. சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியாதென 1976 ஏப்ரல் 28-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளின் முன்னும் இருந்தது ஒரே அரசியல் சாசனம்தான். ஆயினும் எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தெழுதினார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

ஏனையோர் பின்னர் களாச் செய்தார்கள். மக்கள் வாக்குச் சீட்டால் செய்தார்கள். 1978-இல் நிறைவேறிய 44-ஆவது சாசனத் திருத்தத்தால், நெருக்கடிநிலையிலும் உயிருரிமைக்காக நீதிமன்றம் செல்வதைத் தடுக்க முடியாதென நாடாளுமன்றம் செய்தது. 1976-இன் தீர்ப்பு தவறென்று 2017-இல் கூறி உச்சநீதிமன்றமும் செய்தது. நாற்பத்தோராண்டுத் தாமதம், ஆயினும் களா, களாதான்.

நம் நிலை என்ன? இன்று நம்மைச் சிறையிலிடுவாரில்லை. ஆயினும் மஹல்லாவின் வரவு செலவைக் கேட்க நா எழுவதில்லை. வீட்டில் மகள் தன் நிகாஹ்வைப் பற்றிப் பேசினால் அதட்டுகிறோம். அஞ்சிப் பழகிய வீட்டிலிருந்து அஞ்சாத குடிமகன் எப்படி வருவான்?

பெரியவரிடம் சொன்னேன்: "அத்தா, இது மனிதருக்குரிய ஹக்கு, தவ்பா மட்டும் போதாது. அவர் இருந்தால் போய்ப் பொருத்தம் கேளுங்கள். மறைந்திருந்தால் அவர் பிள்ளைகளிடம், 'உங்கள் தகப்பனார் குற்றமற்றவர், அன்று நான் சொல்லவில்லை' என்று சொல்லுங்கள்."

அவர் கண் கலங்கி, "மகன் விருத்தாசலத்தில் இருக்கிறார். நாளையே போகிறேன்" என்றார்.

நமக்கும் அத்தகைய களாக்கள் பாக்கியிருக்கலாம். மௌத்துக்கு முன் அவற்றை நிறைவேற்ற வல்ல நாயன் நம் அனைவர்க்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.