போகப்போகிற மருத்துவரின் கடமை

தருமபுரி மாவட்டக் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புகிறவர்கள், "இப்ப எந்த டாக்டரு இருக்காரு?" என்று விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். போன மாதம் பார்த்தவர் மேல்படிப்புக்குப் போயிருக்கலாம். பேறுகால விடுப்பில் இருக்கலாம். மாற்றுப்பணியில் வேறு நிலையத்துக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். அவர் இடத்தைப் பக்கத்து நிலையத்து மருத்துவர் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பார். இல்லையென்றால் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர் இருப்பார், அல்லது மேல்படிப்பு முடித்துவிட்டுக் கட்டாயப் பணிக்கான பத்திரக் காலத்தை ஓட்டுகிறவர். பாப்பாரப்பட்டியையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் போன்ற இடங்களுக்கு இது பழகிப்போன ஏற்பாடு. ஆளே இல்லாமல் கிடப்பதற்கு யாராவது ஒருவர் இருப்பது மேல் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சில இடங்களில் அது முழுக்கச் செல்லும். கட்டுவிரியன் கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களுக்கு, விஷமுறிவு மருந்தை ஏற்றுகிறவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரா, பத்து வருடமாக இருப்பவரா என்பது ஒரு பொருட்டே இல்லை. பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களில் சாலை இல்லாத ஊர்களிலிருந்து தூளி கட்டிச் சுமந்து வரப்படும் கர்ப்பிணிக்கும் அப்படித்தான். அந்த இரவில் அங்கே ஒரு மருத்துவர் இருந்தாக வேண்டும். ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்த இருபத்தைந்து வயதுப் பெண் அந்த உயிரைக் காப்பாற்றினால், அவர் தற்காலிகப் பணியாளர் என்பதைச் சொல்லி அந்தச் செயலின் மதிப்பை யாரும் குறைக்க முடியாது.

ஆனால் இந்த மாவட்டத்தின் நோய்கள் எல்லாம் ஒரே இரவில் தீர்கிறவை இல்லை. தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். காவிரித் தண்ணீர் குழாயில் வந்துவிட்டாலும், அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பழுதான எலும்புகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஐம்பத்தைந்து வயது விவசாயக் கூலி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல்லில் பழுப்புக் கறை. முதுகு விறைத்து, சம்மணமிட்டு உட்கார முடியாது. ஓ.பி. சீட்டில் முதல் மருத்துவர் மூட்டுவலி என்று குறித்து வலி மாத்திரை கொடுக்கிறார். மூன்று மாதம் கழித்து வந்த அடுத்தவர் ரத்த அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்து பி.பி. மாத்திரை சேர்க்கிறார். மூன்றாமவர் வலி குறையவில்லை என்பதால் மாத்திரையை மாற்றிக் கொடுக்கிறார். விடாமல் தின்ற வலி மாத்திரை ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது மூவருக்கும் தெரிந்த பாடம். ஆனால் அவர் அதை எத்தனை மாதமாகத் தின்கிறார் என்பது மூவரில் ஒருவருக்கும் தெரியாது. சிறுநீரகம் பழுதான பிறகு தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதில் யார் குற்றவாளி? தன் முன்னால் இருந்த அன்றைய நோயை மூவரும் ஒழுங்காகத்தான் பார்த்தார்கள். தனித்தனியாக எவரும் தப்புச் செய்யாமலேயே ஒரு மனிதருக்கு அநியாயம் நடந்துவிட்டது. பதில் சொல்ல ஆளே இல்லாதபடி பொறுப்பைத் துண்டு துண்டாக்கிவிடுவதுதான் தற்காலிக ஏற்பாட்டின் உண்மையான கேடு. இளம் மருத்துவர்களின் திறமையைக் குறைசொல்லி இதை விளக்கிவிட முடியாது.

ஒரே மருத்துவர் நீடிப்பதால் என்ன பயன் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிட, இறக்கும் வாய்ப்பும் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தன. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமமான கிளின்காரகில் ஏறக்குறைய முப்பது ஆண்டு மருத்துவராக இருந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். ஊரிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, வராதவர்களைத் தேடிப் போனார். பக்கத்து ஊரைவிட அங்கே 65 வயதுக்குள் இறப்பவர்கள் குறைவு என்று 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவரும் அவரே.

அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். இதே தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்டிலிங்கி இருக்கிறது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது ஆயிரம் பிறப்புக்கு 147 சிசுக்கள் இறந்துகொண்டிருந்தன. அந்த எண்ணிக்கை பிறகு பல மடங்கு குறைந்தது. இதை இருவரின் தியாகக் கதையாக மட்டும் சொல்லிவிட்டால் முக்கியமான பகுதி விட்டுப்போகும். உள்ளூர் மலைவாழ் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். எந்த வீட்டில் எந்தக் குழந்தை எடை குறைந்து கிடக்கிறது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். மருத்துவர் ஒரு மாதம் வெளியே போனாலும் அந்த அறிவு ஊரிலேயே இருக்கும்.

வெளியூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களைப் போற்றத் தெரிந்த மண் இது. வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா, சிறையில் தொற்றிய தொழுநோயோடு, ரயிலில் ஏற அனுமதி மறுக்கப்பட்ட நிலையில், பாப்பாரப்பட்டியைத் தன் ஊராக்கிக்கொண்டு 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். அவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் மணிமண்டபத்துக்கு உரியவர்களை அளவுகோலாக வைத்து ஒரு மாவட்டத்தின் மருத்துவத்தை நடத்த முடியாது. குடியிருக்கச் சரியான குவார்ட்டர்ஸ் இல்லை. துணைக்கு இரவில் காவலாளி இல்லை. கணவருக்கு வேலை வேறு ஊரில். இப்படி இருக்கும் ஒருவரைப் பார்த்து "நீ ஏன் ஆயுள் முழுக்க இங்கே இருக்கக் கூடாது?" என்று கேட்பது அறமாகாது. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருந்துகொண்டே கேட்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போகிறவர் மீது இன்னொரு புகாரும் உண்டு: மேல்படிப்பு மதிப்பெண்ணுக்காகத்தான் கிராமத்துக்கு வருகிறார்கள் என்பது. உண்மைதான். பின்தங்கிய, கடினமான பகுதிகளில் வேலை பார்க்கும் அரசு மருத்துவர்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், 30 விழுக்காடுவரை ஊக்க மதிப்பெண் தர மருத்துவக் கவுன்சிலின் விதிகள் இடம் கொடுத்தன. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மேல்படிப்பில் இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31இல் தீர்ப்பளித்தது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பல நிலையங்களுக்கு மருத்துவர் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டார். ஒருவர் எந்த எண்ணத்தோடு வந்தார் என்று துருவுவதில் நோயாளிக்கு லாபமில்லை. மூன்று வருடம் கழித்துக் கிளம்பும்போது எதை விட்டுச் செல்கிறார் என்பதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும். கேட்க உரிமையும் உண்டு.

இங்கே அரசு அலுவலக நடைமுறை ஒன்றைக் கவனிக்கலாம். பணியிடம் மாறிப் போகிறவர் பொறுப்பை ஒப்படைத்தாக வேண்டும். பீரோ சாவி, மருந்து இருப்பு, கருவிகள், நாற்காலி மேசை என எல்லாம் பட்டியலில் ஏறி, இரண்டு கையெழுத்து விழும். ஒரு ஸ்டெதாஸ்கோப் குறைந்தால் கேள்வி வரும். சர்க்கரை அளவு ஆறு மாதமாக முந்நூறைத் தாண்டி நிற்கும் அந்த அம்மாள் யார், காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன இளைஞர் யார், வலி மாத்திரை கொடுக்கவே கூடாத அந்தக் கூலித் தொழிலாளி யார் என்ற பட்டியலை யாரும் கேட்பதில்லை. இருபது பேர் கொண்ட ஒரு பட்டியல் போதும். அதைக் கொடுக்காமல் விடுவிப்பு ஆணை வாங்கக் கூடாது என்று வைத்தால் அரசுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. விதி வரும்வரை காத்திருக்காமல் தானாகவே எழுதிவைத்துவிட்டுப் போவது, போகிற மருத்துவர் அந்த ஊருக்குப் பட்ட கடன்.

வருகிறவருக்கும் ஒரு கடன் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரை முதல் வாரத்திலேயே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். மருத்துவர் படிப்பில் மேலே, செவிலியர் கீழே என்ற வரிசை ஊரைத் தெரிந்துகொள்ளும் விஷயத்தில் தலைகீழாகத்தான் இருக்கிறது. எந்த வீட்டில் மூன்றாவது பெண் கருவைப் பற்றிக் குசுகுசுப்பு நடக்கிறது என்பது செவிலியருக்குத்தான் தெரியும். பெண் சிசுக்கொலைக்காக ஒரு காலத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்ட மாவட்டம் இது. அந்த அறிவைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது.

அரசின் பங்கு இதைவிடக் கனமானது. 2020 டிசம்பரில் மாநிலம் முழுக்க 2,000 மினி கிளினிக்குகள் என்று அறிவித்து, தற்காலிக மருத்துவர்களை நியமித்தார்கள். 2022 தொடக்கத்தில் அவை மூடப்பட்டன. இடையில் ஆட்சி மாறியதைப் பற்றி இங்கே பேச்சில்லை. தொடங்கும்போதே நிரந்தர ஆள் இல்லாமல் தொடங்கியதால் மூடுவது அவ்வளவு எளிதாக இருந்தது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடித்துவைக்கப்பட்டது. மருத்துவர் மாறலாம் என்றால் செவிலியராவது மாறாமல் இருக்க வேண்டும். இருவரையுமே தற்காலிகமாக்கிவிட்டால் ஊரின் நோயை நினைவில் வைத்திருக்க அங்கே ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

இதே அரசுக்கு நினைவில் வைத்துக்கொள்ளவும் தெரியும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எனப்படும் பதிவு எண் உண்டு. எத்தனை மருத்துவர் மாறினாலும் அவருடைய ரத்தசோகையும் முந்தைய பிரசவமும் பதிவில் இருக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் அந்த எண்ணோடு இணைந்தது. பிரசவத்தில் தற்காலிக மருத்துவர்களால் அவ்வளவு தீங்கு நேராமல் இருக்க அது உதவுகிறது. அந்தக் கவனம் சர்க்கரை நோயாளிக்கும் முதுகு விறைத்த கூலித் தொழிலாளிக்கும் அதே அளவுக்கு நீளாமல் போனதற்குப் பணப் பற்றாக்குறையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அந்த ஆண்டு சேர்ந்த முதல் அணி 2026 வாக்கில் படிப்பை முடித்து வெளியே வருகிறது. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கிராமத்தில் நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்தும் அப்படிப் படித்து வருகிறவர்கள் இருப்பார்கள். தன் ஊர்ப் பக்கத்திலேயே வேலை பார்க்க விரும்பும் ஒருவரிடம் பதினோரு மாத ஒப்பந்தத்தை நீட்டக் கூடாது. நிரந்தரப் பணியிடமும், குடியிருக்க வீடும், ஐந்து வருடம் கழித்து மேல்படிப்புக்குப் போய்விட்டு அதே இடத்துக்குத் திரும்பி வர உரிமையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் படிக்கப் போயிருக்கும் அந்த மூன்று வருடத்துக்கு வருகிற தற்காலிக மருத்துவரை எந்த ஊரும் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ளும்.