முதல் வரியில் எழுதப்படும் வழக்கு

அடிபட்டவரை அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறார்கள். ரத்தத்தைத் துடைத்தபடியே டாக்டர் கேட்கிறார்: "எப்படி அடிபட்டது?" கூட வந்த மைத்துனர் பதற்றத்தில், "பைக்கிலேருந்து விழுந்துட்டாருங்க" என்கிறார். விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறுகிறது. பின்னால் வந்த வேன் இடித்துத் தள்ளியதால்தான் விழுந்தார் என்பது விடுபட்டுப்போகிறது. பிறகு வழக்கு நடக்கும்போது காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். தானாக விழுந்தவருக்கு வேன் தரப்பு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்பார்.

இழப்பீடு கேட்க நமக்கு வழி இருக்கிறதா என்பதை வலியின் அளவு தீர்மானிப்பதில்லை. யாருடைய கவனக்குறைவு, அதனால் என்ன நட்டம், அதற்கு என்ன ஆதாரம் என்ற மூன்றையும்தான் தீர்ப்பாயம் பார்க்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இந்த அடிப்படையில் நிற்கிறது. கொலை வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தவறை நிரூபிக்க இயலாதவர்களுக்கு 164ஆம் பிரிவு இருக்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு.

இதையெல்லாம் அறியாமல், தங்கள் வழக்கைத் தாங்களே தள்ளுபடி செய்துகொள்கிறவர்கள் ஏராளம். "ஹெல்மெட் போடலை, மூணு பேரா போனோம், நாம எங்க போய்க் கேக்கறது?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மூன்று பேர் போனது சட்டமீறல்தான். ஆனால் விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமாக இருந்தது என்று காட்டாமல், அதை மட்டும் சொல்லி இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பக்கமும் தவறு இருந்தால் அந்தப் பங்கு அளவுக்குத் தொகை குறையும், உரிமையே போய்விடாது.

காயத்தை அளப்பதிலும் இப்படி ஒரு மயக்கம் இருக்கிறது. மருத்துவச் சான்றில் உள்ள ஊன சதவீதமே வருமான இழப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 2010இல் உச்ச நீதிமன்றம் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கியது. இடது கையை இழந்தவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பே அநேகமாக முழுதும் போய்விடும். அலுவலக எழுத்தராக இருந்தால் அவர் வேலையில் தொடர முடியும். ஊனம் ஒன்றுதான், இழப்பு வேறு. சம்பளச் சீட்டு இல்லாத இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்பிட வேண்டும் என்பதை 2021இல் அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. "எனக்கு என்ன வருமானம்?" என்று எந்தப் பெண்ணும் பின்வாங்க வேண்டியதில்லை.

சாலையோரத்தில் நடக்கும் சமரசம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. "ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கறோம், கேஸ் வேண்டாம்" என்பார்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அந்தச் சில ஆயிரங்கள் பெரிதாகத் தெரியும். எலும்பு சரியாகக் கூடவில்லை, மறு அறுவை சிகிச்சை வேண்டும் என்று தெரிய வரும்போது முதல் தகவல் அறிக்கையும் இருக்காது, சாட்சியும் இருக்க மாட்டார். காலமும் காத்திருப்பதில்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதை நம்பி யாரும் நாள் கடத்த வேண்டாம்.

ஆகவே அடிபட்டவரின் வீட்டாருக்குச் சொல்வது இதுதான். டாக்டரிடம் எந்த வண்டி, எங்கே, எப்படி இடித்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆட்டோ வாடகை ரசீது என எதையும் தூக்கிப் போடாதீர்கள். வார்டு வாசலில் வக்காலத்துத் தாளோடு நிற்கும் தரகரிடம் கையெழுத்துப் போடும் முன், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே வக்கீல் உதவி இலவசம். இழப்பீடு யாரும் இரங்கிக் கொடுக்கும் தர்மம் அல்ல. சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது.