பழைய அடுப்பும் நேரிய விலையும்

பழுதுற்ற பொருளைச் செப்பனிட்டு மீண்டும் பயனுக்குக் கொணர்வது நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயமிராது. ஆனால் அப்பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்கும்போது சில வினாக்கள் எழுகின்றன. இடையே கிடைக்கும் ஆதாயம் நேர்மையானதா? விற்பவர் தாம் அறிந்த குறைகளுள் எவற்றைச் சொல்லக் கடமைப்பட்டவர்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பலர் தம் ஓய்வு நேரத்தில் மேற்கொள்ளும் ஓர் எளிய கைவேலையைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வோம்.

அந்நாட்டில் கோடைகாலத்தில் வீட்டின் பின்புறத்தே இறைச்சியைத் தணல்மேல் வாட்டி உண்பது வழக்கம். அதற்குரிய அடுப்பைக் கிரில் என்பர். 1952ஆம் ஆண்டில் சிக்காகோ நகரின் வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், அங்குச் செய்யப்பட்ட கடல் மிதவையின் வடிவைக் கண்டு, மூடியுடன் கூடிய உருண்டைக் கரியடுப்பு ஒன்றை உருவாக்கினார். பீங்கான் பூச்சுப் பெற்ற அவ்வகை அடுப்புகள் நன்கு பேணப்பட்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும். எரிவாயுவால் எரியும் அடுப்புகளும் பின்னர்ப் பரவின. வீடு மாறுவோரும் புதிய அடுப்பு வாங்குவோரும் பழையதைத் தெருவோரம் வைத்துவிடுவதுண்டு. மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. இவற்றைத் தேடியெடுத்துப் புதுக்கி விற்பதே நாம் கூறும் பொழுதுபோக்கு.

இவ்வேலை எளிதன்று. ஆண்டுக்கணக்காக இறுகிய கொழுப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். வார்ப்பிரும்புக் கம்பித்தட்டின் துருவைத் தேய்த்து நீக்கி, எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் வண்ணப்பூச்சு உரிவதுபோல் தோன்றுவது பெரும்பாலும் புகையும் கொழுப்பும் படிந்து கரியானதே. தூரிகையால் தேய்த்தால் போய்விடும். எரிவாயு செல்லும் குழாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் தீ சரிவர எரியாது. உரிமையாளர் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிய அடுப்பு, அவ்வலையை நீக்கியதும் நன்கு எரிவதுண்டு. இத்தகைய அறிவே செப்பனிடுபவரின் முதலீடு.

இனி, இவ்வேலையின் ஆதாயம் பற்றி எண்ணிப் பார்ப்போம். 20 டாலருக்கு வாங்கிய அடுப்பை 150 டாலருக்கு விற்பது பேராசையா? வாங்குதல், விற்றல் பற்றிய அறத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர் புனித தாமஸ் அக்குவினாஸ். தம் இறையியல் தொகுப்பில், ஒருவர் தாம் வாங்கிய பொருளை ஏதேனும் ஒரு வகையில் மேம்படுத்தியிருந்தால் அதனைக் கூடுதல் விலைக்கு விற்பது முறையே என்று அவர் கருதினார். உழைப்புக்கு ஊதியம் பெறுவது போன்றது அது. 'பொழுதுபோக்காகத்தானே செய்தார், மகிழ்ச்சியே போதாதா?' என்று சிலர் கேட்கலாம். உழைத்தவர் மகிழ்ந்தார் என்பதற்காக உழைப்பின் மதிப்புக் குறைந்துவிடாது. தச்சர் தம் தொழிலை விரும்பிச் செய்கிறார் என்பதற்காக நாம் அவருடைய கூலியைக் குறைப்பதில்லை அன்றோ?

எனவே ஆதாயத்தில் தவறில்லை. தவறு நேரக்கூடிய இடம் வேறு. செப்பனிடுபவர், தமக்கு விற்பவரைவிடவும் தம்மிடம் வாங்குபவரைவிடவும் அப்பொருளைப் பற்றி மிகுதியாக அறிந்தவர். இரு புறமும் அறியாதார் நிற்க, நடுவே அறிந்தவர் நிற்கிறார். அவருடைய மனச்சான்று சோதிக்கப்படுவது இங்கேதான்.

முதலில் வாங்கும் வேளையைக் காண்போம். பழைய உருண்டை அடுப்புகளுள் அரிய நிறமுடைய சிலவற்றைச் சேகரிப்போர் நல்ல விலை தந்து வாங்குவர். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் அத்தகைய அடுப்பின் மதிப்பை அறியாமல், "10 டாலர் தந்தால் போதும்" என்கிறார் என வைத்துக்கொள்வோம். பொன்னைப் பித்தளை என எண்ணி விற்பவரிடம் உண்மை தெரிந்தே வாங்குபவர் அநீதி செய்கிறார் என்றும், அதனை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்றும் அக்குவினாஸ் கற்பித்தார். நம் எடுத்துக்காட்டிற்கும் அது பொருந்தும். ஆனால் இடம் ஒழிந்தால் போதும் என்று அறிந்தே தெருவோரம் வைத்தவருடைய நிலை வேறு. அவர் விரும்பிக் கைவிட்டார். பழுதுபார்க்கும் திறனும் செப்பனிடுபவருக்கே உரியது; அதனை இலவசமாகக் கற்பிக்க அவர் கடமைப்பட்டவரல்லர். எனினும், "இதற்கு என்ன மதிப்பு இருக்கும்?" என்று ஒருவர் நம்பிக் கேட்டால், மெய்யைச் சொல்லியே தீரவேண்டும்.

அடுத்து விற்கும் வேளை. ஒற்றைக் கண் குதிரையின் குறை கண்ணுக்குத் தெரிவது. அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும், குறையை அறிவிக்க வேண்டுவதில்லை. வாங்குபவருக்கு இழப்போ இடரோ விளைவிக்கும் மறைந்த குறையையோ சொல்லியாக வேண்டும். இதுவும் அவ்வறிஞரின் முடிவே. அடுப்பின் வெளிப்புறக் கீறல் எவர் கண்ணுக்கும் தெரியும். துருவேறிப் பொத்தலான எரிகுழாயும், எரிவாயு கசியும் இணைப்பும் தெரியமாட்டா. சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அதனைச் செய்யாமல் மேலே கறுப்பு வண்ணம் பூசி விற்பவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். கம்பித் தூரிகையால் தேய்த்த தட்டைத் துடைக்காமல் கொடுப்பதும் சிறு குற்றமன்று. தூரிகையின் இழை உணவோடு உட்சென்று மக்களைக் காயப்படுத்திய நிகழ்ச்சிகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்டு எச்சரித்தது. அத்தட்டில் சமைத்ததை ஒரு குடும்பத்தின் குழந்தைகள் உண்பார்கள்.

வயிற்றுப் பிழைப்புக்காக விற்பவர் குறையை மறைத்தால், அது தவறே எனினும், அவருடைய நெருக்கடி நமக்குப் புரிகிறது. பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அந்நெருக்கடியும் இல்லை. அவர் எதற்காக மறைக்கிறார்? "புதியதுபோல் இருக்கிறதே!" என்னும் பாராட்டுக்காக இருக்கலாம். தம் கைவண்ணத்தின்மீது கொண்ட பெருமையே அவரைப் பொய்க்கு இழுக்கக்கூடும். தோற்றத்தைப் புதுக்குவது எளிது. நம்பத்தக்க பொருளாக்குவதே அரிது. புதுக்க இயலாத பகுதி எதுவென்று வாய்விட்டுச் சொல்வதும் அவ்வேலையில் ஒரு பகுதியே.

அப்படிச் சொன்னால் விலை சற்றுக் குறையக்கூடும். எரிகுழாயை மாற்றிய பின்னரே விற்க வேண்டியும் நேரலாம். சில அடுப்புகளைப் பழைய இரும்புக்கே போட்டுவிட வேண்டியும் வரலாம். அந்த இழப்பைத் தாங்க முன்வருபவரே 150 டாலரைக் கூசாமல் கைநீட்டி வாங்கத் தகுதியுடையவர். பிறர் அறியாததை நாம் அறிந்திருக்கிறோம் என்றால், அவ்வறிவு நமக்கு ஆதாயம் தருவதோடு நம்மீது ஒரு கடனையும் சுமத்துகின்றது. எப்பொருளை விற்பவரும் அக்கடனைத் தீர்த்த பின்னரே விலையைப் பேச வேண்டும்.